கிணறும் குழியும்

இலக்கியம் பேச வேண்டிய ஏட்டில் மலக்குழியையும் கழிவுநீரையும் பற்றி எழுதுவதா என்று முகஞ் சுழிப்போர் எம்மிடையே இருக்கவே செய்வர். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சும் வாழ்வும் ஈழத்துக் கதைகளில் இடம்பெறத் தொடங்கியபோது, அதனை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்க முற்பட்டவர்களும் இதே முகச்சுழிப்போடுதான் வந்தார்கள். மனிதருள் ஒரு பகுதியினரை இழிந்தோர் என்று ஒதுக்கிய மனமும், மனித வாழ்வின் ஒரு பகுதியை இழிந்த விடயம் என்று ஒதுக்கும் மனமும் வேறு வேறல்ல. எதைப் பேசக்கூடாது என்று ஒரு சமுதாயம் விதிக்கிறதோ, அதற்குள்ளேதான் அந்தச் சமுதாயத்தின் அநீதி பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

எனவே பேசுவோம். நாம் சொல்ல வருவது ஒன்றுதான். கழிவுநீர் என்பது வீட்டுக்காரரின் சுத்த உணர்ச்சியைப் பற்றிய விடயமன்று. அது குடிநீரைப் போலவே பொதுச் சொத்தைப் பற்றிய விடயம்; ஆகவே பொதுக் கடமையைப் பற்றிய விடயம். இந்த உண்மையை மறைத்து, அதனைத் தனிமனித ஒழுக்கமாகச் சுருக்கிக் காட்டுவதனால் இலாபமடைபவர்கள் சிலர், நோயடைபவர்கள் பலர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கின்ற மழையே எமது நீருக்கெல்லாம் மூலம். அந்த மழைநீர் மெல்லிய மண்படையைக் கடந்து, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. அதற்கும் கீழே கடல்நீர். உப்புநீரைவிட நன்னீர் பாரம் குறைந்ததாதலால் அதன் மேலே வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கணக்கு. அந்த வில்லையில் துளையிட்டுத்தான் எமது மூதாதையர் கிணறு வெட்டினார்கள்; தோட்டம் செய்தார்கள்; ஊர் அமைத்தார்கள். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் அதிசயம் என்று காட்டுகிறோம். உண்மையில் குடாநாடு முழுவதுமே அந்த அதிசயத்தின் மேல்தான் குடியிருக்கிறது.

ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. மணல் நீரை மெல்ல மெல்ல வடித்து இறக்கும்; களி அதனைத் தடுத்து நிறுத்தும்; வெடிப்பும் குகையும் கொண்ட சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் வந்ததை வந்தபடியே கடத்திவிடும். மழைநீரை அது எவ்வளவு தாராளமாக உள்வாங்குகிறதோ, மலக்குழியின் நீரையும் அவ்வளவு தாராளமாகவே உள்வாங்குகிறது. எமக்கு நீரைத் தந்த வாசலே எமது அழுக்கு உட்புகும் வாசலும் ஆகும்.

இப்பொழுது எமது வீட்டு வளவுகளை நோக்குவோம். யாழ்ப்பாண மாநகரில் நகர் தழுவிய கழிவுநீர்க் குழாய் அமைப்பு இன்றுவரை இல்லை. வீட்டுக்கு வீடு குழி. வசதியுள்ள வீட்டில் அதற்குச் 'செப்ரிக் தாங்கி' என்று பெயர். வசதியற்ற வீட்டில் அடி மூடாத வெறுங்குழி. தாங்கி கட்டிவிட்டால் கழிவு சுத்திகரிக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவோர் படித்தவர்களிலும் பலர். தாங்கியினுள் நடப்பது என்ன? திண்மம் அடியிற் படிகிறது. காற்றில்லாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை உக்கச் செய்கின்றன. மேலே நிற்கும் கலங்கல் நீர் அடுத்துள்ள ஊறுகுழிக்குச் செல்கிறது. அந்நீரிலே நோய்க் கிருமிகளும் இருக்கின்றன; அமோனியாவாக மாறிய நைதரசனும் இருக்கிறது. ஊறுகுழியைச் சுற்றிப் போதிய மண் இருந்தால் கிருமிகளில் பெரும்பகுதி மண்ணில் மடியும். நைதரசனோ மண்ணின் ஒட்சிசனோடு சேர்ந்து நைத்திரேற்றாகி, நீரிற் கரைந்து, எந்தத் தடையுமின்றிக் கீழே போய்விடும். மண்படை மெல்லியதாயின் கிருமிகளும் கூடவே போகும்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்குமேற் போனால் முதலில் தாக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. நைத்திரேற்று கலந்த நீரிற் கரைத்த பால்மா குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். குடாநாட்டின் பல கிணறுகளில் இந்த வரையறை மீறப்பட்டுள்ளது என்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எழுதி வருகிறார்கள். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது. ஆவியாகும் நீரின் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். கொதித்தாறிய நீரைக் குடியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், கிருமிக்கு மருந்தான அது நைத்திரேற்றுக்கு மருந்தாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இத்தனை அடி தூரம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார்; அளக்கிறார்; கையெழுத்திடுகிறார். நல்லது. ஆனால் இந்த விதியை இரண்டு பரப்புக் காணியிலே வீடும் கிணறும் குழியும் ஒருங்கே வைத்துக்கொண்டிருப்பவன் எவ்வாறு கைக்கொள்வான்? தன் குழியைத் தன் கிணற்றிலிருந்து தள்ளி வைத்தால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகிலாகிறது. பக்கத்து வீட்டுக்காரனும் அதையே செய்கிறான். பத்துப் பரப்பு வளவுக்காரருக்கு விதி எளிது; இரண்டு பரப்புக்காரனுக்கு அது எட்டாக் கனி. போதாக்குறைக்கு, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் அளவுநாடா பார்த்து ஓடுவதில்லை. காணி எல்லைக்கு வேலி போடலாம். நிலத்தடி நீருக்கு வேலி போட்டவர் எவருமில்லை. தனியுடைமையின் சட்டம் நில மட்டத்தோடு நின்றுவிடுகிறது; அதற்குக் கீழே எல்லாம் பொது. நாமோ பொதுவான ஒன்றைத் தனித்தனிக் குழிகளால் காப்பாற்றிவிடலாம் என்று பிடிவாதமாக நம்புகிறோம்.

இங்கேதான் உபதேசிகள் வந்து சேர்கிறார்கள். மக்களுக்குச் சுகாதார அறிவு போதாது, பழக்கவழக்கம் சரியில்லை, வாரமொருமுறை விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தினால் எல்லாம் திருந்தும் என்பது அவர்களது கட்சி. பதாகை பிடித்துப் படமெடுத்துக் கலைவதோடு கடமை முடிகிறது. அறிவூட்டல் வேண்டாமென்று ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் போக்கிடம் இல்லாத நீருக்கு ஒழுக்கம் கற்பிப்பதெப்படி? குளித்த நீரும் சமைத்த நீரும் மலசலகூடத்து நீரும் ஓரிடத்துக்குப் போயே தீரும். அந்த இடத்தை அமைத்துக் கொடுக்காத ஆட்சி, அமைத்துக் கொடுக்கப்படாத குடிமகனைப் பார்த்து அசுத்தக்காரன் என்று சொல்வது, பள்ளிக்கூடம் கட்டாமலே பிள்ளையை மூடனென்று பழிப்பது போன்றதாகும்.

வேறொரு வாதமும் உண்டு. நைத்திரேற்று தோட்டக்காரனின் உரத்திலிருந்து வருகிறது என்று நகரத்தார் சொல்கிறார்கள். நகரத்தாரின் குழியிலிருந்து வருகிறது என்று தோட்டக்காரர் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவுக்கு மிஞ்சி இடப்படும் உரம் நிலத்தடிக்குப் போவதை யாரும் மறுக்க முடியாது. கடன்பட்டுப் பயிர் செய்பவன் விளைச்சலுக்கு அஞ்சி மேலும் ஒரு பை உரத்தைக் கொட்டுகிறான். அவனுக்கு அளவு சொல்லிக் கொடுப்பவர் உர வியாபாரி. அது தனியே எழுத வேண்டிய கதை. ஆனால் கிணற்று நீரில் மலக் கிருமிகளும் காணப்படும்போது நகரத்தார் என்ன சொல்வார்கள்? யூரியாப் பைக்குள் குடற் பற்றீரியா இல்லை. ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும் இரு விரல்களுக்கும் நடுவே, இரண்டுக்கும் பொறுப்பான திட்டமின்மை தப்பிப் போய்விடுகிறது.

வீட்டுக் குழியினளவே இவ்வளவென்றால், இலாபத்துக்காக இயங்கும் நிறுவனங்களின் கழிவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. சுன்னாகத்தின் கதையை நாடறியும். மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்துள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளின் நீரைக் குடிக்கவொண்ணாததாக்கியது. 2014 இன் இறுதியிலும் 2015 இன் தொடக்கத்திலும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஆய்வுக் குழுக்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருக்க, தாய்மார் பவுசர் நீருக்காகக் குடத்தோடு காத்து நின்றார்கள். ஈற்றில் 2019 இல் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்களும் தம் கடமையிற் தவறியதை எடுத்துரைத்தது. மாசாக்கியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நெறி நிலைநாட்டப்பட்டது வரவேற்கத் தக்கதே. ஆயினும் 2015 இல் தொடுத்த வழக்குக்கு 2019 இல் தீர்ப்பு. அந்த நான்கு ஆண்டுகளிலும் பணமுள்ளவர் புட்டி நீர் வாங்கினார், இல்லாதவர் கிணற்றையே நம்பினார் என்பதையும் மறக்கலாகாது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, கம்பகா மாவட்டத்து வெலிவேரிய, ரத்துபஸ்வல மக்கள் தங்கள் கிணற்று நீர் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுவிட்டதென்று கூறிச் சுத்தமான நீர் கேட்டு வீதிக்கு வந்தபோது, இராணுவம் அவர்கள்மேற் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. மூவர் மாண்டனர். சிங்களக் கிராமத்து மக்கள், சிங்கள அரசாங்கம், குடிநீர்க் கேள்வி, துப்பாக்கி விடை. சுன்னாகத்துத் தாயும் ரத்துபஸ்வலத்துத் தாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இனத்தின் பெயரால் எம்மைப் பிரித்து வைத்திருப்போர் இந்த ஒற்றுமையைக் காண விரும்பமாட்டார்கள். நாமாவது காண வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் இருக்கிறது. கழிவை வெளியேற்றும் தொழிலகம் சுற்றாடற் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டுமென்ற விதி இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைக்குள் விடப்படும் கழிவுநீரின் உயிர்இரசாயன ஒட்சிசன் தேவை பொதுவாக லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்ற அளவுகோலும் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் நீர் தெளிவாகவே ஓடுகிறது. கராச்சின் பின்புறத்திலும் மீன் சந்தையின் வாய்க்காலிலும் ஓடுகின்ற நீர்தான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

இவ்விடத்திற் சிறிது வரலாற்றை நோக்குதல் தகும். இந்தக் கேள்வியை முதலிற் சந்தித்தவர்கள் நாமல்லர். 1854 இல் இலண்டனின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி பரவி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜோன் சினோ என்ற வைத்தியர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்திற் குறித்து, புரோட் வீதியிலிருந்த ஒரு நீர்ப்பம்பியே நோய்க்கு ஊற்று என்று கண்டார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டு மலக்குழி சுவர் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. ஒரு கிணறு, ஒரு குழி, நடுவே மூன்றடி மண். இந்தப் பாடம் எமக்குப் புதிதா?

ஆயினும் அந்த ஏழைகளின் மரணம் இலண்டன் ஆட்சியாளரை அசைக்கவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தின் சாளரம் வழியே உள்ளே புகுந்தபோதுதான் சில வாரங்களுக்குள் சட்டம் பிறந்தது. பஸல்கெற் என்ற பொறியியலாளர் பெருங் கழிவுக் கால்வாய்களை அமைத்தார். மகத்தான வேலைதான். ஆனால் நகரின் கழிவு சுத்திகரிக்கப்படவில்லை. கிழக்கே, நதியின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டது. கனவான்களின் மூக்கு காப்பாற்றப்பட்டது. கீழ்நதிக் கரையில் வாழ்ந்தவனுக்கு மூக்கு இருப்பதை யாரும் நினைக்கவில்லை. வயலுக்குத் திரும்ப வேண்டிய வளத்தைப் பெருஞ் செலவில் தேம்ஸைக் கெடுக்கப் பயன்படுத்துவதன் மூடத்தனத்தை மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் பாகத்திற் சுட்டிக் காட்டினார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காத உற்பத்தி முறை மனிதனையும் மண்ணையும் ஒருசேரக் கொள்ளையிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

அதே வழியைத்தான் ஆங்கிலேயர் கொழும்புக்கும் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கொழும்பு நகருக்குக் கழிவுக் குழாய்கள் இடப்பட்டன. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் அக்குழாய்கள் கடலுக்குள் இறங்கின. சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தலைநகரின் மலம் சுத்திகரிக்கப்படாமலே கடலிற் சென்று விழுந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளுக்கோ அந்தக் குழாயும் கிட்டவில்லை. கழிவுக் குழாய் வசதி பெற்றோர் இன்றும் சனத்தொகையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரளவே. 'அகற்றுதல்' என்ற சொல்லே ஏமாற்று. கழிவு எங்கும் அகலுவதில்லை. ஒருவன் கண்ணிலிருந்து அகன்று இன்னொருவன் வாசலுக்குப் போகிறது. போகும் திசை எப்பொழுதும் மேலிருந்து கீழாகவே இருக்கிறது.

வழி தெரியாமற் கிடக்கிறோமா என்றால், அதுவுமில்லை. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைப் பெருகவிட்டு, அவற்றைக் கொண்டே அழுக்கைத் தின்னச் செய்யும் முறையை 1914 இல் மான்செஸ்ரரில் ஆடனும் லொக்கெற்றும் வெளியிட்டார்கள். நூறாண்டு கடந்துவிட்டது. எந்திரத்துக்குப் பணமில்லையென்றால், கல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலத்தைப் பார்க்கலாம். ஏறத்தாழ 12,500 ஹெக்டயர் பரப்பில், நகரின் கழிவுநீரை ஆழமற்ற குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் பற்றீரியாவும் அதனைத் தூய்மை செய்ய, அதிலேயே மீன் வளர்த்தும் காய்கறி பயிரிட்டும் அந்நகருக்கு உணவூட்டுகிறார்கள். 2002 இல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதனைப் பேணி வளர்த்தவர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர், மீனவர்களும் விவசாயிகளும். எமது சுண்ணாம்பு நிலத்தில் அதனை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. இங்கே குளத்தின் அடியை முதலில் நீர் புகாதபடி மூட வேண்டும். ஆயினும் கழிவுநீர் செல்வமாகலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அறிவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எஞ்சுவது பணம். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களை நாம் தாழையடிக்கு அழைக்கிறோம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் அங்கே திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் உற்பத்தி செய்யக் கூடியது. தாகத்தில் இருக்கும் மக்களுக்கு நீர் வருவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கடல்நீரிலிருந்து ஒரு கனமீற்றர் நன்னீரைப் பிரிக்க மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டும். கழிவுநீர் ஒரு கனமீற்றரைச் சுத்திகரிக்க அதிற் சிறு பங்கு போதும். வானம் இலவசமாகத் தந்து, நிலம் இலவசமாகத் தேக்கி வைத்த நன்னீருக்குள் மலத்தைக் கலக்கவிட்டு, உப்பைப் பிரித்து நீர் வாங்கக் கடன்படுகிறோம். காலடியில் இருப்பதைக் காப்பாற்றப் பணமில்லை. கடலில் இருப்பதைக் காய்ச்சப் பணமுண்டு. இது வறுமையன்று, முன்னுரிமை. யாருடைய முன்னுரிமை என்பதே கேள்வி. குழாயில் வரும் நீருக்குக் கட்டணம் அறவிடலாம். புட்டியில் அடைத்த நீரை விற்கலாம். நிலத்தடி நீர் சுத்தமாயிருப்பதனால் இலாபம் பெறக்கூடிய முதலாளி எவனுமில்லை. ஆகவே அதற்குக் காவலனும் இல்லை.

இனி, எல்லாவற்றிலும் கசப்பான விடயத்துக்கு வருவோம். குழி நிரம்பும், நிரம்பினால் யாராவது வெளியேற்ற வேண்டும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதிவரை எமது நகரங்களில் வாளிக் கக்கூசு முறை இருந்தது. விடியுமுன்னே வந்து, வீட்டின் பின் சந்தால் நுழைந்து, வாளியைத் தலையிற் சுமந்து சென்ற மனிதரை வீட்டார் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அந்த வேலைக்கென்றே தென்னிந்தியாவிலிருந்து ஏழைகளைக் கொண்டுவந்து, ஊரின் ஓரத்தில் வரிசை அறைகளில் குடியேற்றி, பிறப்பினாலேயே அவர்களை அந்த வேலைக்கு உரியவர்களாக்கிய பெருமை வெள்ளையனுக்கும் எமது சாதிமான்களுக்கும் கூட்டாக உரியது. வாளி போய்விட்டது, பவுசர் வந்துவிட்டது. வேலை செய்பவனின் பிறப்பு மாறிவிட்டதா? இன்றும் உள்ளூராட்சிச் சபைகளின் சுத்திகரிப்புத் தொழிலாளர் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர், தகப்பன் செய்த வேலையை மகனும் மருமகளும் செய்வதைக் காண்பார். அவர்களில் எத்தனை பேர் நிரந்தர நியமனமின்றி நாட்கூலிக்கு நிற்கிறார்கள் என்பதையும் காண்பார்.

மூடிய குழிக்குள் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு தேங்கி நிற்கும். சிறிதளவில் அது கூழ்முட்டை நாறும். அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுபவன் இறங்கியவிடத்திலேயே சாய்வான். அவனைத் தூக்க இறங்குபவனும் சாய்வான். முகமூடியும் காற்றுக் குழாயும் கயிறும் கொடுக்காமல் ஒரு தொழிலாளியைக் குழியுள் இறக்குவது வேலை வாங்குவதன்று, கொலைக்கு உடந்தையாவது. பவுசர் வந்து போனபின் அது எங்கே கொட்டப்படுகிறது என்று கட்டணம் கொடுத்த வீட்டுக்காரர் கேட்பதில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமான வெளியிலே, வாய்க்காலிலே, கடலேரிக் கரையிலே கொட்டப்பட்டால், அங்கே குடிசை போட்டிருப்பவன் யாரென்று கேட்பதுமில்லை. ஒருகாலத்தில் 'உன் கை பட்டால் கிணறு தீட்டாகும்' என்று சொல்லி எளிய மக்களைக் கிணற்றடியிலிருந்து துரத்திய சமுதாயம் இது. கிணற்றைத் தீட்டாக்கியது அவர்கள் கையல்ல, எமது குழி. இந்த உண்மையை நைத்திரேற்றுச் சோதனை எந்தச் சீர்திருத்தப் பிரசங்கத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே நாம் கேட்பது என்ன? முதலாவது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வீதியையும் பள்ளிக்கூடத்தையும் போலப் பொதுப்பணியாக ஏற்கப்பட வேண்டும். நெருங்கிய குடியிருப்புள்ள நகர்ப்புறத்துக்குக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும். ஏனைய இடங்களுக்குக் குழிக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம், ஒவ்வொரு பிரதேச சபையும் அல்லது சில சபைகள் கூடியும் நடத்துவதாக. பவுசர் கொண்டுவரும் ஒவ்வொரு சுமையும் அங்கே சேர்ந்ததா என்பதற்குக் கணக்கு வேண்டும். இரண்டாவது, மண்படை மெல்லிய இடங்களில் வெறுங்குழிகளை அகற்றி, நீர் புகாத தாங்கிகளை அமைக்க வேண்டும். அந்தச் செலவை இரண்டு பரப்புக்காரனின் தலையிற் கட்டாமல் பொது நிதி ஏற்க வேண்டும். மூன்றாவது, கராச்சு, விடுதி, வைத்தியசாலை, மீன் சந்தை, தொழிற்சாலை ஆகியன தமது கழிவைத் தாமே முதற்கட்டம் சுத்திகரிக்க வேண்டும். அவற்றின் உரிமமும் பரிசோதனை முடிவும் வாசலிலே தமிழிலும் சிங்களத்திலும் தொங்க வேண்டும். நான்காவது, கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவுகள் அலுவலகக் கோப்பிலிருந்து வாசிகசாலைச் சுவருக்கு வர வேண்டும். ஐந்தாவது, சுத்திகரிப்புத் தொழிலாளர்க்கு நிரந்தர நியமனம், பாதுகாப்புக் கருவி, தேர்ச்சிக்கேற்ற சம்பளம். அந்த வேலை ஒரு சாதியின் தலைவிதியாக இல்லாமல், பயிற்சி பெற்ற எவரும் மதிப்போடு செய்யும் தொழிலாக வேண்டும்.

இவை பேராசைகள் அல்ல. இவற்றுள் ஒன்றுகூடப் புரட்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புரட்சியைப் பேசுவோர் இவற்றைக் காத்திருக்க வைத்தலும் ஆகாது. சம்பளத்துக்கும் விலைவாசிக்கும் குரல் கொடுக்கும் எமது தொழிற்சங்கங்கள் கழிவுநீரைத் தமது தீர்மானங்களிற் சேர்க்காதிருப்பதேன்? தொழிலாளி உழைத்துச் சேர்த்த காசு வயிற்றோட்டத்துக்கும் புட்டி நீருக்கும் போகும்போது, அதுவும் சம்பள வெட்டுத்தான்.

ஆசிரியர்களாகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. வகுப்பறையில் நீர்ச்சக்கரத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைகிறோம். கடல், ஆவி, முகில், மழை, ஆறு, மீண்டும் கடல். அழகான வட்டம். அந்த வட்டத்தில் மனிதனில்லை, அவனுடைய கிணறில்லை, குழியில்லை. ஆறே இல்லாத ஊரின் பிள்ளைக்கு ஆறு வரைந்து காட்டிவிட்டு, அவன் வீட்டு வளவில் நாள்தோறும் நடக்கும் நீர்ப் பயணத்தைச் சொல்லாமல் விடுகிறோம். இனி அந்தப் படத்தைத் திருத்தி வரைவோம். மாணவர்கள் தத்தம் ஒழுங்கையின் கிணறுகளையும் குழிகளையும் குறித்து வரைபடம் ஆக்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும் நீரைச் சோதிக்கட்டும். முடிவுகளைத் தாமே எழுதிப் பிரதேச சபைக்கு அனுப்பட்டும். வைத்தியர் சினோ செய்தது அதுவன்றி வேறில்லை. அவர் காலத்தில் இல்லாத இரசாயனச் சோதனைத் தாள் இன்று எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கிட்டாததொன்றல்ல.

பிள்ளைகள் அப்படி ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு சபை வாசலுக்கு வரும் நாளில், அவர்களுக்குச் சுகாதாரப் பதாகை ஒன்றைக் கையிற் கொடுத்துத் திருப்பி அனுப்ப முடியாது. எந்தக் குழி, எந்தக் கிணறு, எத்தனை மில்லிகிராம் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்புடைய சபையும், கேட்கும் துணிவுடைய தலைமுறையும் உருவாகும் வரை, நாம் குடிப்பது ஒருவர் கழித்ததை மற்றவர் என்பதை மறவாதிருப்போமாக.